மாட்டு வண்டியில் வந்த நூலகம்

வாசகர் நூலகத்தைத் தேடிச் செல்வதே வழக்கமாயிருந்த காலத்தில், நூலகமே வாசகரைத் தேடிச் செல்லலாகாதா என்று சிந்தித்து, அதைச் செயலிலும் காட்டியது அன்றைய தஞ்சை ஜில்லாவின் மன்னார்குடி. சென்னைப் பல்கலைக்கழக நூலகராக விளங்கிய எஸ். ஆர். அரங்கநாதன், ஒவ்வொரு வாசகருக்கும் அவருக்குரிய நூல் கிடைக்க வேண்டும் என்பதை நூலக சாஸ்திரத்தின் ஐந்து விதிகளுள் ஒன்றாக வகுத்து வெளியிட்ட அதே 1931ஆம் ஆண்டில், அவருடைய கருத்துக்களில் ஈடுபாடு கொண்ட பொறியாளர் எஸ். வி. கனகசபைப் பிள்ளை வடிவமைத்த மாட்டு வண்டி நூலகம், அக்டோபர் 21ஆம் நாள், மன்னார்குடியை அடுத்த மேலவாசலில், கிராமங்களை நோக்கிய தன் பிரயாணத்தைத் தொடங்கியது. வயலிலும் வீட்டிலும் பகலெல்லாம் உழைத்து ஓயும் ஸ்திரீ புருஷர்களுக்கு, நகரம் வரை நடந்து போய் ஒரு நூலை இரவல் பெற அவகாசமேது? அவர்கள் இருக்குமிடத்துக்கே கல்வியைக் கொண்டு சேர்த்த அந்த வண்டி, மாளிகைகளில் இயங்கும் எந்த நூலகத்துக்கும் பெருமையில் குறைந்ததன்று. பின்னர், 1948இல் சென்னை மாகாணத்தில் பொது நூலகச் சட்டமும் பிறந்தது. நேயர்களே, உங்கள் ஊர்க் கிளை நூலகத்தில் உறுப்பினராகுங்கள்; நடக்க இயலாத அண்டை வீட்டாருக்கும் ஒரு நூல் எடுத்து வந்து கொடுங்கள்.