கால்சியம் பாட்டிலை மூடி வையுங்கள்

கிரேட் டேன், ஜெர்மன் ஷெப்பர்ட், லேப்ரடார் என்று பெரிய ரக நாய்க்குட்டி ஒன்று வீட்டுக்கு வந்தால், பின்னாலேயே மூன்று சாமான்கள் வந்துவிடும். கழுத்துப் பட்டை, டாக் ஃபுட் பை, கால்சியம் சிரப். பெரிய நாயாச்சே, எலும்பு பலமாக வேண்டாமா என்று யாராவது சொல்லியிருப்பார்கள். காலையில் ஒரு மூடி, ராத்திரி ஒரு மூடி. இனிப்பாக இருப்பதால் குட்டியும் சப்புக்கொட்டிக்கொண்டு குடிக்கும்.

வம்பு அங்கேதான் தொடங்குகிறது.

கிரேட் டேன் குட்டி பிறக்கும்போது அரைக் கிலோவுக்குக் கொஞ்சம் முன்னே பின்னே இருக்கும். ஒன்றரை வயதுக்குள் ஐம்பது, அறுபது கிலோவைத் தொட்டுவிடும். ஏறக்குறைய நூறு மடங்கு! மூன்று கிலோவில் பிறக்கிற மனிதக் குழந்தை அறுபது கிலோவாக, அதாவது இருபது மடங்காக வளர, பதினெட்டு இருபது வருஷம் பிடிக்கிறது. இந்த அவசரத்தில் குட்டியின் உடம்பு எடை கூடிக்கொண்டே போகும். அதைத் தாங்கவேண்டிய எலும்போ பாதி குருத்தெலும்பாகவே இருக்கும்.

நெதர்லாந்தின் உட்ரெக்ட் பல்கலைக்கழகத்தில் ஹெர்மன் ஹாசவிங்கலும் அவருடன் இருந்தவர்களும் 1980களில் கிரேட் டேன் குட்டிகளை வைத்து இதை ஆராய்ந்தார்கள். ஒரு பிரிவுக்கு 1.1 சதவீதம் கால்சியம் உள்ள உணவு, இன்னொரு பிரிவுக்கு 3.3 சதவீதம். கூடுதல் கால்சியம் சாப்பிட்ட குட்டிகளுக்குத்தான் எலும்பு வளர்ச்சி கோணலாயிற்று. வளர்ந்த நாயின் குடல் தேவையான கால்சியத்தை எடுத்துக்கொண்டு மிச்சத்தை வெளியே தள்ளிவிடும். சின்னக் குட்டியின் குடலுக்கு அந்தச் சாமர்த்தியம் இன்னும் வரவில்லை. கொடுக்கக் கொடுக்க உள்ளே வாங்கிக்கொள்ளும். குருத்தெலும்பு முறையாக எலும்பாக மாறுவது தடுமாறும். முன்னங்கால் வளையும், குட்டி நொண்டும். நொண்டுகிறதே என்று இன்னும் ஒரு மூடி சிரப் ஊற்றுகிறவர்களும் உண்டு.

அமெரிக்காவில் கால்நடைத் தீவனத்துக்கு அளவுகோல் வகுக்கும் ஆஃப்கோ என்ற அமைப்பு, வளர்ந்தபின் 70 பவுண்டு, அதாவது சுமார் 32 கிலோவும் அதற்கு மேலும் வரக்கூடிய நாய்களின் குட்டிகளுக்குத் தனி உச்சவரம்பு வைத்திருக்கிறது. ஈரப்பதம் நீக்கிய கணக்கில் 1.8 சதவீதத்துக்கு மேல் கால்சியம் கூடாது. மற்றக் குட்டிகளுக்கு 2.5 வரை போகலாம். ஆகவே பையின் முன்பக்கத்தில் சிரிக்கும் நாய்ப் படத்தை விட்டுவிட்டு, பின்பக்கத்தின் பொடி எழுத்தைப் படிக்க வேண்டும். ‘பெரிய ரக நாய்களின் வளர்ச்சிக்கும் ஏற்றது’ என்ற பொருளில் ஒரு வரி இருக்கிறதா என்று பாருங்கள். அப்படிப்பட்ட உணவை நாளைக்கு 400 கிராம் தின்னும் குட்டிக்கு, அதில் 1.2 சதவீதம் கால்சியம் என்று வைத்துக்கொண்டாலும், 4.8 கிராம் கிடைத்துவிடுகிறது. அதற்கு மேல் சிரப் எதற்கு?

புரதம் கூடினால் மடமடவென்று வளர்ந்து கால் கெட்டுவிடும் என்று பயந்து, குட்டிக்கு வளர்ந்த நாயின் உணவைப் போடுவதும் நடக்கிறது. புரதத்தைக் கூட்டியும் குறைத்தும் கிரேட் டேன்களிடம் நடந்த சோதனையில் எலும்புக் கோளாறுக்கும் அதற்கும் தொடர்பு தெரியவில்லை. வளர்ந்த நாயின் உணவில் கலோரி குறைவு. வயிறு நிறையக் குட்டி அதிகம் தின்னும். அதோடு கால்சியமும் அதிகமாக உள்ளே போய்விடலாம்.

வீட்டுச் சாப்பாடு போடுகிறவர்களின் கதை நேர் எதிர். சோறும் எலும்பில்லாத கோழிக்கறியும் மட்டும் தின்று வளரும் குட்டிக்குக் கால்சியம் பற்றவே பற்றாது. கறியில் கால்சியத்தைவிடப் பாஸ்பரஸ் பத்து மடங்குக்கும் மேல். கால்சியம் போதாதபோது உடம்பு எலும்பிலிருந்தே அதை உருவி எடுக்கும். சோபாவிலிருந்து குதித்ததற்கே கால் முறியும். இந்தக் குட்டிக்கு வெளியிலிருந்து கால்சியம் வேண்டும்தான். ஆனால் கண்ணளவில் அல்ல. முட்டை ஓட்டுப் பொடி ஒரு தேக்கரண்டியிலேயே சுமார் 2 கிராம் கால்சியம் இருக்கிறது. குட்டியின் எடையையும் வயதையும் பார்த்துக் கால்நடை மருத்துவர்தான் கணக்குப் போட வேண்டும்.

எதைப் போடுவது என்பதைவிட எவ்வளவு போடுவது என்பதில்தான் பாசம் கண்ணை மறைக்கிறது. அமெரிக்காவில் பியூரினா நிறுவனம் 48 லேப்ரடார் குட்டிகளை ஜோடி ஜோடியாகப் பிரித்து ஆயுள் முழுக்கக் கவனித்தது. ஒன்றுக்குத் தாராளம், அதன் ஜோடிக்கு 25 சதவீதம் குறைவு. இரண்டு வயதில் எக்ஸ்ரே எடுத்தபோது தாராளமாகத் தின்ற 24 நாய்களில் 16-க்கு இடுப்பு மூட்டுக் கோளாறு. அளவாகத் தின்ற 24-இல் 7-க்குத்தான். 2002-இல் வெளியான முடிவுப்படி, இடைநிலை ஆயுள் தாராளப் பிரிவில் 11.2 வருஷம், அளவுப் பிரிவில் 13. கிட்டத்தட்ட இரண்டு வருஷம் கூடுதல்!

அந்த அளவைக் கண்டுபிடிக்க உங்கள் கையே போதும். இடது கையை மேசைமேல் விரித்துவைத்து, விரல்கள் தொடங்கும் இடத்தில் புறங்கையை வலது கையால் தடவுங்கள். மெல்லிய தோலுக்கடியில் எலும்பு தட்டுப்படுகிறதல்லவா, குட்டியின் விலா அப்படித் தட்டுப்பட வேண்டும். உள்ளங்கை மாதிரி மெத்தென்று இருந்தால் கொழுப்பு ஏறிவிட்டது. முட்டியாக மடக்கிய கைமாதிரி துருத்திக்கொண்டிருந்தால் ஒல்லி. வாரம் ஒருமுறை தடவிப் பார்த்து, உணவைக் கூட்டவோ குறைக்கவோ செய்யலாம். பார்க்க வருகிற உறவினர்கள், “என்ன இது, எலும்பும் தோலுமா இருக்கு, சோறு போடறீங்களா இல்லையா?” என்று கேட்கத்தான் செய்வார்கள். கொழுகொழு குட்டிதான் நம் ஊர்க் கண்ணுக்கு அழகு. சிரித்துவிட்டு விட்டுவிடுங்கள்.

ஒரு நாள் உணவை டம்ளரில் அள்ளாமல் சமையலறைத் தராசில் நிறுத்து, மூன்று நான்கு வேளையாகப் பிரித்துக் கொடுங்கள். பயிற்சியின்போது கொடுக்கும் பிஸ்கட்டும் அந்தக் கணக்கில்தான் சேர்த்தி. வெங்காயம், திராட்சை, சாக்லேட் மூன்றும் அறவே கூடாது. அடுத்த தடுப்பூசிக்குப் போகும்போது டாக் ஃபுட் பையின் பின்பக்கத்தையும் சிரப் பாட்டிலையும் செல்போனில் படமெடுத்து மருத்துவரிடம் காட்டுங்கள். அவர் சொல்லும்வரை பாட்டிலைத் திறக்காதீர்கள்.