உண்ணாதிருத்தலும் உடல் தேறுதலும்

"லங்கணம் பரம ஔடதம்" என்னும் முதுமொழி நம்மவர் நாவில் நெடுங்காலமாக நிலவுவது. வயிற்றிற் கத்தி பட்டவனுக்கு அதுவே சட்டமென மேனாட்டு மருத்துவரும் நெடுநாட் கொண்டிருந்தனர் என்பதைப் பலர் அறியார்.

1881ஆம் ஆண்டு ஜனவரி 29ஆந் திகதி, வியன்னா நகரிலே தியோடோர் பில்ரோத் என்னும் பேரறிஞர் (இசைமேதை பிராம்ஸின் உற்ற நண்பரும் இவரே) தெரேசா ஹெல்லர் என்ற 43 வயதுப் பெண்ணின் இரைப்பையிலிருந்து புற்றுநோய்ப் பகுதியை அறுத்தெடுத்து, எஞ்சியதைச் சிறுகுடலோடு பொருத்தினார். அவருக்கு முன் 1879இலும் 1880இலும் பிற வைத்தியர் இருவரால் இவ்வாறு அறுக்கப்பெற்றோர் பிழைத்திலர். இவள் பிழைத்தாள், ஏறக்குறைய நான்கு மாதங்களின் பின்னரே நோய் மீண்டு மாண்டாள்.

பின்னர் நெடுங்காலம் வழங்கிய முறை யாது? முதல்நாளிரவே உண்டியும் நீரும் நிறுத்தம்; பின்னர் மூக்கின்வழிக் குழாய்; குடலோசை கேட்குமளவும் பட்டினி; படுக்கையிற் கிடை. தையல் பிரிந்துவிடுமோ என்ற அச்சமே காரணம். அச்சம் நியாயமானதே, விளைவோ வேறு. அறுவையால் நெருக்கடியுற்ற உடல் இன்சுலினுக்கு இணங்க மறுக்கும்; தசை கரையும்; பட்டினி அதனை மிகுவிக்கும். கிடந்தபடி கிடப்பவனுக்கு நுரையீரலிற் சளி கட்டும். காலில் இரத்தம் உறையும். வலிக்குக் கொடுக்கும் அபினினத்து மருந்தோ குடலையே உறங்கச் செய்யும்.

இவற்றைத் தனித்தனியே பாராது ஒருங்கு வைத்து நோக்கியவர் டென்மார்க்கு நாட்டுச் சத்திர வைத்தியர் ஹென்றிக் கெலெற். பெருங்குடற் சிகிச்சையில் அவர் 1990களிற் காட்டிய வழியை 2001இல் ஐரோப்பிய அறிஞர் குழுவொன்று மேற்கொண்டது. 2014இல் இரைப்பை நீக்கத்துக்கும் நெறி வகுக்கப்பட்டது. மயக்கமருந்துக்கு இரண்டு மணி நேரம் முன்வரை தெளிந்த நீர் அருந்தலாம். மூக்குக் குழாய் வழக்கமாக வேண்டா. இரைப்பை முழுவதும் நீக்கப்பட்டவனுக்குங்கூட மறுநாளே சிறிது சிறிதாக உணவு கொடுக்கலாம். காலந்தாழ்த்தாது எழுப்பி நடத்தவேண்டும். இரைப்பையின் வாயில் அடைபட்டோர்க்கு முன்னுரைத்த நீர்விதி பொருந்தாது; அதனை வைத்தியரே துணிவர்.

சென்ற ஆண்டு என் தமையனாருக்கு இரைப்பை முழுவதும் நீக்கப்பட்டது. மறுநாட்காலை தாதி அவரை நாற்காலியில் இருத்தி நீர் கொடுத்தபோது, "பச்சைப் புண்ணிலை தண்ணியோ!" என்று அண்ணியார் பதறினார். அறுபத்தைந்து வயதினரைக் கைப்பிடித்து நடத்தியது கண்ட உறவினர், கட்டிலுக்குப் பஞ்சம் போலும் என்று நகைத்தனர். அந்நகைப்பு முற்றும் பழுதென யான் சொல்லேன். தேறியதனால் விரைந்து வீடு செல்லுதல் வேறு. தேறுமுன் அனுப்பப்படுதல் வேறு. இம்முறையைப் பின்னதாக மயங்குவார் உளர்.

வீட்டிலேதான் நீண்ட வேலை. இரைப்பையில்லாதவர் நாளொன்றுக்கு ஆறுமுறையேனும் சிறுகச் சிறுக உண்ணல் வேண்டும். இனிப்புப் பானத்தை ஒருமிக்கக் குடித்தால் வியர்த்துத் தலைசுற்றும். உயிர்ச்சத்து பீ-12ஐ உணவிலிருந்து உடல் ஏற்கமாட்டாமையின், அதனை வாழ்நாள் முழுதும் மருந்தாகப் பெறவேண்டும். அண்ணியார் இப்போது மணிக்கூட்டைப் பார்த்தே கஞ்சி வார்க்கிறார்.