குழந்தையையும் தாயையும் ஒருசேரத் தாங்கியவர்



2004ஆம் ஆண்டு டிசம்பர் 26ஆம் நாளை நாம் சுனாமி நாளாகவே நினைவில் வைத்திருக்கிறோம். அது ஒரு ஞாயிற்றுக்கிழமை. கிறிஸ்து பிறப்பு விழாவுக்கு அடுத்து வந்த அந்த ஞாயிறு, திருவழிபாட்டு நாட்காட்டியின்படி திருக்குடும்பத் திருவிழா. அன்றைய திருப்பலிக்கு உரிய நற்செய்தி, புனித மத்தேயு எழுதிய நற்செய்தியின் இரண்டாம் அதிகாரத்தைச் சேர்ந்தது. ஏரோதின் வாளுக்குத் தப்பி, இரவோடு இரவாகச் சூசையப்பர் குழந்தையையும் தாயையும் அழைத்துக்கொண்டு எகிப்துக்குப் புறப்பட்ட செய்தி அது.

அதே காலையில்தான் கடல் கரை கடந்தது. திருகோணமலைத் துறைமுகத்துக்கு வடக்கே நிலாவெளி, குச்சவெளி, புடவைக்கட்டு ஆகிய ஊர்களும், தெற்கே கொட்டியாரக் குடாவை அண்டிய கிண்ணியா, மூதூர்ப் பகுதிகளும் பெருந்துயரில் மூழ்கின. தமிழர், முஸ்லிம்கள், சிங்களவர் என்று கடல் பிரித்துப் பார்க்கவில்லை. இலங்கை முழுவதிலும் 30,000க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர்.

அன்றைய வாசகத்தில் பெத்லகேம் குழந்தைகள் கொல்லப்பட்ட பகுதி இடம்பெறுவதில்லை. அது டிசம்பர் 28ஆம் நாள், மாசற்ற குழந்தைகள் திருவிழாவுக்கு உரியது. இரண்டு நாள் கழித்து அந்தப் பகுதி வாசிக்கப்படும் வேளையில், பிள்ளைகளை இழந்த பெற்றோரும் பெற்றோரை இழந்த பிள்ளைகளும் நம் கரையோரப் பாடசாலைகளிலும் வழிபாட்டுத் தலங்களிலும் தஞ்சம் புகுந்திருந்தனர்.

அப்பிள்ளைகள் எங்கே போனார்கள்? தத்தெடுத்துக் கொள்ள வெளிநாடுகளிலும் பலர் முன்வந்தனர். ஆனால் பெருங்குழப்பத்தின் நடுவே பிள்ளைகள் கைமாறிப் போய்விடக் கூடாது என்பதால், சுனாமியால் பாதிக்கப்பட்ட பிள்ளைகளைத் தத்துக் கொடுப்பதை அரசு நிறுத்திவைத்தது. 2005ஆம் ஆண்டின் 16ஆம் இலக்கச் சுனாமி (விசேட ஏற்பாடுகள்) சட்டம் இப்பிள்ளைகளுக்கான வளர்ப்புப் பராமரிப்பை ஒழுங்குபடுத்தி, தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகாரசபைக்குப் பொறுப்பளித்தது. பெரும்பாலான பிள்ளைகள் தம் உறவினரிடமே சேர்ந்தனர். அம்மம்மாவோ, பெரியம்மாவோ, மாமாவோ, சின்னம்மாவோ அவர்களைக் கைநீட்டி ஏற்றுக்கொண்டார்கள்.

தத்தெடுப்பதற்கும் வளர்ப்பதற்கும் வேறுபாடு உண்டு. தத்தெடுக்கப்பட்ட பிள்ளை சட்டப்படி புதிய பெற்றோரின் பிள்ளையாகிறது. வளர்ப்புப் பிள்ளையோ தன்னைப் பெற்றவரின் பெயரோடும் ஊரோடும் இருந்துகொண்டே இன்னொருவரின் கூரையின் கீழ் வளர்கிறது. வளர்ப்பவர் பிள்ளையைத் தமக்கென்று உரிமை பாராட்டுவதில்லை. ஆனால் சோறும் படிப்பும் காய்ச்சல் இரவுகளும் அவருடைய பொறுப்பே. நம் ஆண்டவருக்குச் சூசையப்பர் செய்தது இதுவே. பிறந்த குழந்தைக்குப் பெயரிட்டார். தாவீதின் குலத்தில் இடம் தந்தார். தச்சுத் தொழிலின் வியர்வையில் உணவூட்டினார். குழந்தை தம்முடையது அன்று, விண்ணகத் தந்தையுடையது என்பதை அறிந்தே இவை அனைத்தையும் செய்தார்.

வானதூதர் சூசையப்பருக்குத் தந்த கட்டளையைச் சற்று உற்றுநோக்குவோம். குழந்தையை மட்டும் தூக்கிக்கொண்டு போகும்படி அவர் கூறவில்லை. ஏரோது தேடியது குழந்தையை மட்டுமே. ஆயினும் வானதூதர் குழந்தையோடு தாயையும் சேர்த்தே சூசையப்பரிடம் ஒப்படைத்தார். புனித யாக்கோபும் தம் திருமுகத்தின் முதல் அதிகாரத்தில் தூய சமய வாழ்வைப் பற்றிப் பேசும்போது, அநாதைப் பிள்ளைகளையும் கைம்பெண்களையும் ஒரே மூச்சில் குறிப்பிடுகிறார். பிள்ளைக்கு இரங்கும் உள்ளம், அப்பிள்ளையைச் சுமக்கும் கைகளையும் தாங்க வேண்டும் என்பதே இதன் படிப்பினை.

திருச்சபையின் வரலாறும் இதற்குச் சான்று. 1638ஆம் ஆண்டில் பாரிஸ் நகரில் கைவிடப்பட்ட குழந்தைகளுக்கான பணியைப் புனித வின்சன்ட் டி போல் தொடங்கினார். புனித லூயிஸ் தெ மரியாக்கும் அவருடைய சகோதரிகளும் அதில் உழைத்தனர். அக்குழந்தைகளுள் பலர் நாட்டுப்புறத்துப் பாலூட்டும் தாய்மாரின் வீடுகளில் வளர்க்கப்பட்டனர். சகோதரிகள் அவ்வீடுகளுக்கே சென்று குழந்தைகளின் நலத்தைக் கவனித்தனர். இரு நூற்றாண்டுகள் கழித்து, 1833இல், முத்திப்பேறு பெற்ற பிரெடெரிக் ஓசானாம் தம் தோழர்களோடு தொடங்கிய அமைப்புக்கு அப்புனிதரின் பெயரே சூட்டப்பட்டது. ஏழையின் வீட்டுக்கு நேரில் செல்வதே புனித வின்சன்ட் டி போல் சபையின் முதற்பணி. நம் பங்குகளிலும் அச்சபையினர் அமைதியாகச் செய்துவரும் பணி அதுவே.

திருகோணமலை மண்ணுக்குச் சுனாமி மட்டுமே துயர் தரவில்லை. 1990ஆம் ஆண்டின் போரும், 2006இல் மூதூர், சம்பூர், ஈச்சிலம்பற்று மக்களின் இடப்பெயர்வும் எத்தனையோ வீடுகளைச் சிதைத்தன. அக்காலங்களில் மறைமாவட்டத்தின் எகெட் கரித்தாஸ் போன்ற அமைப்புகள் ஆற்றிய உதவிகளை நன்றியோடு நினைவுகூர்வோம். மீனவ மாமா ஒருவருக்குக் கிடைத்த வலை, அவர் வீட்டில் வளரும் மருமகனின் சோற்றுத் தட்டும் ஆகும். இதை உணர்ந்தால் வாழ்வாதார உதவியும் சிறுவர் பணியே என்பது விளங்கும்.

இன்றோ துயரம் வேறு உருவில் வருகிறது. தாய் மத்திய கிழக்கு நாடொன்றுக்கு வேலைக்குச் சென்றிருக்க, பேரப்பிள்ளைகளை அம்மம்மா வளர்க்கும் வீடுகள் பல. வாடைக்காற்றுக் காலத்தில் சிறுதோணிகள் கரையேறிக் கிடக்கும்போது அவ்வீடுகளில் அடுப்பெரிவதே அரிது. அந்த முதியவளால் இனி முடியாது என்றாகும்போது பிள்ளை ஒரு சிறுவர் இல்லத்துக்குப் போகிறது. நம் நாட்டின் சிறுவர் இல்லங்களில் வாழும் பிள்ளைகளுள் பெரும்பாலோருக்குத் தாயோ தந்தையோ உயிரோடு இருக்கின்றனர் என்பதை ஆய்வுகள் காட்டியுள்ளன. அவர்களுள் பலரை அங்கே சேர்த்தது வறுமையே. வறுமை ஒன்றையே காரணமாகக் கொண்டு பிள்ளையைக் குடும்பத்திலிருந்து பிரிக்கலாகாது என 2009இல் ஐக்கிய நாடுகள் பொதுச்சபை ஏற்ற வழிகாட்டு நெறிகள் கூறுகின்றன. 2019ஆம் ஆண்டின் இலங்கையின் மாற்றுப் பராமரிப்புத் தேசியக் கொள்கையும் குடும்பத்துக்கே முதலிடம் தருகிறது.

யாருமற்ற பிள்ளைகளுக்குத் தாய்மாராக நின்ற அருட்சகோதரிகளின் தியாகத்தை இது சிறிதும் குறைப்பதன்று. அவர்களுடைய இல்லங்கள் தேவையே. ஆனால் நம் வீட்டுப் பிறந்தநாளுக்கும் முதல் நற்கருணை விழாவுக்கும் இல்லம் ஒன்றில் ஒருவேளை உணவளித்து நிறைவடையும் நாம், அப்பிள்ளை அங்கே வராமல் இருக்க என்ன செய்தோம் என்றும் கேட்க வேண்டும்.

செய்யக் கூடியவை பல. நம் பங்கில் பேரப்பிள்ளையை வளர்க்கும் ஒரு முதியவள் யாரென்று அறிவோம். மாதந்தோறும் ஒரு சிறு தொகையை, ஒரு முறையோடு நின்றுவிடாமல், அவ்வீட்டுக்கு அளிப்போம். சப்பாத்தும் கொப்பியும் வாங்கிக் கொடுப்போம். பிறப்புச் சான்றிதழுக்கும், சாதாரண தரப் பரீட்சைக்குத் தேவையான அடையாள அட்டைக்கும் கிராம உத்தியோகத்தரிடமும் பிரதேச செயலகத்திலும் அவளோடு கூடச் செல்வோம். அவள் நோயுற்ற நாளில் பிள்ளையை நம் வீட்டுப் பாயில் உறங்க வைப்போம். புலம்பெயர்ந்து வாழும் நம் உறவுகளும் இதில் தோள்கொடுக்கலாம்.

எகிப்தின் பாதையில் திருக்குடும்பத்துக்கு யார் தண்ணீர் கொடுத்தார்கள், யார் இரவில் கதவைத் திறந்தார்கள் என்று நற்செய்தி சொல்லவில்லை. யாரோ திறந்திருக்க வேண்டும். அந்தப் பெயரற்ற வீட்டாரின் வரிசையில் நம் குடும்பமும் இடம்பெறும் வரத்தை, வளர்ப்புத் தந்தையாம் புனித சூசையப்பரின் பரிந்துரையால் இறைவன் நமக்கு அருள்வாராக. ஆமென்.