புராஸ்டேட் புற்றுநோய்: முடிவெடுக்க நேரம் இருக்கிறது

புற்றுநோய் என்று மருத்துவர் சொன்னதும் குடும்பத்தார் கேட்கும் முதல் கேள்வி, “ஆபரேஷன் எப்போ டாக்டர்?” என்பதுதான். பல புற்றுநோய்களில் அந்த அவசரம் நியாயமானது. ஆனால், புராஸ்டேட் சுரப்பிக்குள் மட்டுமே இருக்கும் புற்றுநோயில், குறிப்பாகத் தீவிரம் குறைந்த வகையில், அவசரப்படுவதே தீங்காகிவிடலாம். தேவைப்படாத ஒரு சிகிச்சையால் வரும் சிறுநீர்க் கசிவையும் தாம்பத்தியச் சிக்கலையும் வெளியில் சொல்லவும் முடியாமல் தவிக்கும் ஆண்கள் உலகெங்கும் இருக்கிறார்கள். அவர்களில் பலருக்கு, ‘கொஞ்சம் பொறுத்து முடிவெடுக்கலாம்’ என்று சொல்ல அன்றைக்கு ஆள் இல்லை.

அறிக்கையில் எதைப் பார்ப்பது?

சிறுநீர்ப்பைக்குக் கீழே, சிறுநீர்க் குழாயைச் சுற்றி, பெரிய நெல்லிக்காய் அளவில் இருக்கும் சுரப்பி புராஸ்டேட். அது சுரக்கும் ஒரு புரதத்தை ரத்தத்தில் அளப்பதுதான் பி.எஸ்.ஏ. பரிசோதனை. வயதானால் வரும் சாதாரண புராஸ்டேட் வீக்கத்திலும், கிருமித் தொற்றிலும்கூட இந்த அளவு கூடும். ஆகவே, பி.எஸ்.ஏ. கூடியிருக்கிறது என்பதற்காகப் புற்றுநோய் என்று முடிவுகட்டக் கூடாது. எம்.ஆர்.ஐ. ஸ்கேனில் சந்தேகம் வந்தால், ஊசி மூலம் சுரப்பியின் பல இடங்களிலிருந்து மெல்லிய திசுத் துணுக்குகளை எடுத்து பயாப்சி செய்வார்கள்.

பயாப்சி அறிக்கையில் தேட வேண்டியது ‘க்ளீசன் ஸ்கோர்’. அமெரிக்க நோய்க்குறியியல் மருத்துவர் டொனால்ட் க்ளீசன் 1966இல் வெளியிட்ட முறை இது. நுண்ணோக்கியில் பார்க்கும்போது, புற்றணுக்கள் தனித்தனிச் சுரப்பிகளாக ஓரளவு ஒழுங்கோடு அமைந்திருந்தால் அதற்கு 3. சுரப்பிகள் ஒன்றோடொன்று ஒட்டி உருக்குலைந்திருந்தால் 4. சுரப்பி வடிவமே இல்லாமல் அணுக்கள் சிதறிக் கிடந்தால் 5. அதிகமாகத் தென்படும் அமைப்பின் எண் முதலிலும், அதற்கு அடுத்தது இரண்டாவதாகவும் எழுதப்படும். 3+3=6 என்றால் தீவிரம் மிகக் குறைவு. 3+4, 4+3 இரண்டின் கூட்டுத்தொகையும் 7தான். ஆனால், 4 முதலில் வந்தால் நோய் கூடுதல் தீவிரமானது. இப்போது இதையே 1 முதல் 5 வரை ‘கிரேடு குரூப்’ என்றும் எழுதுகிறார்கள். இந்த எண், பி.எஸ்.ஏ. அளவு, நோய் பரவியிருக்கும் எல்லை ஆகிய மூன்றையும் சேர்த்துத்தான் நோய் குறைந்த ஆபத்துள்ளதா, நடுத்தரமா, அதிக ஆபத்துள்ளதா என்று பிரிக்கிறார்கள்.

பதினைந்து ஆண்டு ஆய்வு சொன்னது

எந்தச் சிகிச்சை உயிரைக் காக்கும் என்ற கேள்விக்கு இதுவரை கிடைத்த வலுவான விடைகளுள் ஒன்று, பிரிட்டனில் நடந்த ‘புரோடெக்ட்’ ஆய்வு. ஆக்ஸ்ஃபோர்டு, பிரிஸ்டல் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 1999 முதல் 2009 வரை, 50 முதல் 69 வயதுக்குட்பட்ட 82,429 ஆண்களுக்கு பி.எஸ்.ஏ. பரிசோதனை செய்தார்கள். சுரப்பிக்குள் மட்டும் புற்றுநோய் இருந்தவர்களில் 1,643 பேர், தங்களுக்கு எந்தச் சிகிச்சை என்பதைக் குலுக்கல் முறையில் தீர்மானிக்கச் சம்மதித்தார்கள். ஒரு பிரிவினருக்கு அறுவைச் சிகிச்சை, இன்னொரு பிரிவினருக்குக் கதிர்வீச்சு. மூன்றாம் பிரிவினருக்கு உடனடிச் சிகிச்சை எதுவும் இல்லை, தொடர் கண்காணிப்பு மட்டும்.

2023இல் வெளியான பதினைந்து ஆண்டு முடிவுகளின்படி, மூன்று பிரிவிலும் சேர்த்துப் புராஸ்டேட் புற்றுநோயால் இறந்தவர்கள் 45 பேர். கண்காணிப்பில் இருந்த 545 பேரில் 17, அறுவைச் சிகிச்சைக்கு ஒதுக்கப்பட்ட 553 பேரில் 12, கதிர்வீச்சுக்கு ஒதுக்கப்பட்ட 545 பேரில் 16. எந்தப் பிரிவில் இருந்தாலும் நூற்றுக்குச் சுமார் 97 பேர் இந்த நோயால் சாகவில்லை.

கண்காணிப்புக்கும் ஒரு விலை உண்டு. அந்தப் பிரிவில் 51 பேருக்கு நோய் உடலின் வேறு இடங்களுக்குப் பரவியது. அறுவைச் சிகிச்சைப் பிரிவில் 26, கதிர்வீச்சில் 27. கண்காணிப்பில் தொடங்கியவர்களில் பத்துக்கு ஆறு பேர் பின்னால் அறுவையோ கதிர்வீச்சோ எடுத்துக்கொண்டார்கள். ஆனாலும், 133 பேர் பதினைந்து ஆண்டு கழித்தும் எந்தச் சிகிச்சையும் இல்லாமல் உயிரோடு இருந்தார்கள்.

ஒவ்வொன்றும் கேட்கும் விலை

சிறுநீரை அடக்கிப் பிடிக்கும் தசை புராஸ்டேட்டை ஒட்டியே இருக்கிறது. ஆணுறுப்பின் விறைப்புக்கான நரம்புகள் சுரப்பியின் இரு பக்கமும் உரசிக்கொண்டு ஓடுகின்றன. சுரப்பியை முழுதாக அகற்றும்போது இவை பாதிக்கப்படலாம். அதே ஆய்வில், அறுவைக்கு ஒதுக்கப்பட்டவர்களில் ஆறு மாதத்தில் நூற்றுக்கு 46 பேர் கசிவுக்காக பேடு வைக்க வேண்டியிருந்தது. ஆறு ஆண்டில் அது 17 ஆகக் குறைந்தது. கண்காணிப்பில் 8, கதிர்வீச்சில் 4. உறவுக்குத் தேவையான விறைப்பு தொடக்கத்தில் நூற்றுக்கு 67 பேருக்கு இருந்தது. ஆறு மாதத்தில் அறுவைப் பிரிவில் 12, கதிர்வீச்சில் 22, கண்காணிப்பில் 52 பேருக்கு இருந்தது. நரம்புகளைக் காத்துச் செய்யும் அறுவை முறையும், இடுப்புத் தசைப் பயிற்சியும் பாதிப்பைக் குறைக்க உதவும்.

கதிர்வீச்சில் கத்தி இல்லை. ஆனால் மலக்குடல் அருகிலேயே இருப்பதால் சிலருக்கு மலத்தில் ரத்தம், அடிக்கடி மலம் கழிக்கும் உணர்வு வரலாம். முன்பு 37 தடவை போக வேண்டியிருந்த சிகிச்சையை 20 தடவையில் முடிக்கலாம் என்று 2016இல் வெளியான இன்னொரு பிரிட்டன் ஆய்வு காட்டியது. வெளியூரிலிருந்து வந்து தங்கிச் சிகிச்சை பெறுவோருக்கு இது பெரிய ஆறுதல்.

கண்காணிப்பு என்றால் நோயை மறந்துவிட்டு வீட்டில் இருப்பது அல்ல. குறித்த நாளில் பி.எஸ்.ஏ., தேவைப்படும்போது எம்.ஆர்.ஐ., மறுபடியும் பயாப்சி என்று பல ஆண்டுகள் தொடர வேண்டும். மாறுதல் தெரிந்தால் உடனே சிகிச்சைக்கு மாற வேண்டும். குறைந்த ஆபத்துள்ள நோய்க்கு இதுவே பெரும்பாலும் முதல் பரிந்துரை. அதிக ஆபத்துள்ள நோய்க்கு இது பொருந்தாது. அதற்குச் சிகிச்சை கட்டாயம் தேவை.

பரவிய பிறகும் வழி உண்டு

நம் நாட்டில் நோய் எலும்புக்குப் பரவிய பிறகு, முதுகுவலி என்று வந்து கண்டுபிடிக்கப்படுபவர்களும் நிறைய. இவர்களுக்கு ஆண் ஹார்மோனைக் கட்டுப்படுத்துவதே அடிப்படைச் சிகிச்சை. ஆண் ஹார்மோனை நிறுத்தினால் இந்தப் புற்று சுருங்கும் என்று மருத்துவர் சார்லஸ் ஹக்கின்ஸ் 1941இல் காட்டினார். அதற்காக 1966இல் நோபல் பரிசு பெற்றார். இன்றைக்கு விரைகளை அகற்றும் சிறிய அறுவைச் சிகிச்சை, குறித்த இடைவெளியில் போடும் ஊசி என இரண்டு வழிகள் இருக்கின்றன. முதலாவதன் செலவு ஒரு முறையோடு முடிந்துவிடும். ஊசிக்குத் தொடர்ந்து பணம் தேவை. மனம் எதை ஏற்கிறது என்பதும் முக்கியம். கூடவே அபிராடெரோன் போன்ற மாத்திரைகளைத் தொடக்கத்திலேயே சேர்த்தால் பலருக்கு ஆயுள் நீள்கிறது. உடல் திடீரெனச் சூடாவது, எலும்பு மெலிவது, தசை குறைவது ஆகியவை பக்கவிளைவுகள். தினமும் நடையும் தசைப் பயிற்சியும் செய்வது நல்லது; கால்சியம், வைட்டமின் டி பற்றி மருத்துவரிடம் கேட்க வேண்டும்.

கேட்க வேண்டிய கேள்விகள்

அறுவைச் சிகிச்சை நிபுணர், கதிர்வீச்சு நிபுணர் இருவரையும் பார்த்துவிட்டு முடிவெடுங்கள். என் க்ளீசன் ஸ்கோர் என்ன, நான் எந்த ஆபத்துப் பிரிவில் இருக்கிறேன், என் வயதுக்கும் சர்க்கரை, இதய நோய்களுக்கும் எது பொருந்தும், சிகிச்சையைத் தள்ளிப்போட்டால் என்ன ஆகும் என்று கேளுங்கள். மனைவியையும் உடன் அழைத்துச் செல்லுங்கள்; பக்கவிளைவுகளோடு வாழப்போவது இருவரும்தான். கசிவையும் தாம்பத்தியத்தையும் பற்றிக் கேட்க வெட்கப்பட வேண்டாம். சுரப்பிக்குள் இருக்கும் நோயில் சில வாரங்கள் யோசிப்பதால் பெரும்பாலும் எதுவும் கைமீறிப் போய்விடாது. அந்த வாரங்களைப் பயன்படுத்திக்கொள்வது நோயாளியின் உரிமை.