காபி வளையமும் சூரிய மின்கலமும்

தாம்பரம், சேலையூர்ப் பகுதிகளில் ஆழ்துளைக் கிணற்று நீரை நம்பியிருக்கும் வீடுகளில் ஓர் அன்றாடத் தொல்லை உண்டு. கழுவி வைத்த எவர்சில்வர் தட்டில் உலரும் துளிகள் வெள்ளை வளையங்களை விட்டுச் செல்லும். சிந்திய காபியும் நடுவில் வெளிறி, விளிம்பில் கருத்துத்தான் காயும். இந்த வளையத்துக்கும் நாளைய மின்கட்டணத்துக்கும் தொடர்புண்டு என்பதைப் பொருளியல் படித்த நானும் முதலில் நம்பவில்லை.

வளையத்தின் காரணத்தை 1997-இல் சிகாகோ பல்கலைக்கழகத்தின் ராபர்ட் டீகனும் உடன் ஆய்வாளர்களும் 'நேச்சர்' இதழில் விளக்கினர். துளியின் விளிம்பு தரையைப் பற்றிக்கொண்டு நகர மறுக்கிறது. ஆவியாதலும் அங்கேதான் மிகுதி. இழந்த நீரை ஈடுகட்ட நடுவிலிருந்து நீர் விளிம்பை நோக்கி ஓடும்போது, மிதக்கும் துகள்களையும் இழுத்துச் செல்கிறது. நீர் ஆவியாகிவிடும், துகள்கள் அங்கேயே தங்கிவிடும்.

இனி மின்கலத்துக்கு வருவோம். ஒளியை மின்சாரமாக்கும் பொருளை நானோ துகள்களாக மையில் கலந்து, இங்க்ஜெட் கருவியால் கண்ணாடியிலோ பிளாஸ்டிக் தாளிலோ அச்சிட முடியும். ஒரு துளி 10 பிக்கோ லிட்டர் எனக் கொண்டால், ஒரு மில்லி லிட்டர் மையில் 10 கோடித் துளிகள். ஒவ்வொன்றும் வளையமாகக் காய்ந்தால் படலம் மேடுபள்ளமாகும். மெலிந்த இடத்தில் நுண்துளை விழுந்து மின்கசிவு ஏற்படும். தடித்த இடத்திலோ, ஒளி எழுப்பிய மின்னூட்டங்கள் மின்முனையை எட்டுமுன்பே ஒன்றோடொன்று சேர்ந்து வீணாகும். ஆய்வகத்தில் நகத்தளவு மாதிரிகளுள் நல்லதொன்றைத் தேர்ந்துகொள்ளலாம். மொட்டைமாடியை மூடும் தகட்டில் அந்தச் சலுகை கிடையாது.

மாற்று வழிகள் உண்டு. மெதுவாக ஆவியாகும், பரப்பு இழுவிசை குறைந்த இன்னொரு திரவத்தை மையில் சேர்த்தால், விளிம்பில் அது மிஞ்சி நின்று, மேற்பரப்பு ஓட்டத்தை நடுப்பகுதிக்குத் திருப்பும். இத்தாலிய இயற்பியலாளர் மரங்கோனியின் பெயரால் வழங்கும் விளைவு இது. துகளின் வடிவமும் முக்கியம்: உருண்டைக்குப் பதிலாக நீள்வட்டத் துகள்களை இட்டால் வளையம் மறைவதை 2011-இல் அமெரிக்க ஆய்வாளர்கள் காட்டினர். தாம்பரத்திலிருந்து புறநகர் ரயிலேறி கிண்டியில் இறங்கினால் எட்டிவிடும் தொலைவிலுள்ள சென்னை ஐஐடியிலும், நீள்வட்டத் துகள்கள் கொண்ட துளியின் அமிலத்தன்மையை மாற்றி வளையத்தைக் கட்டுப்படுத்தும் ஆய்வு 2014-இல் வெளிவந்தது.

இதில் பொருளாதாரம் எங்கே? ஸ்ரீபெரும்புதூர் அருகே பிள்ளைப்பாக்கத்தில் 2024 ஜனவரியில் திறக்கப்பட்ட பர்ஸ்ட் சோலார் ஆலை ஆண்டுக்கு 3.3 கிகாவாட் தகடுகளைச் செய்யும் திறனுடையது. முதலீடு சுமார் 70 கோடி டாலர். அங்கு மெல்லிய படலம் உருவாவது, பொருளை ஆவியாக்கிப் படியவைக்கும் முறையில். அவ்வளவு மூலதனம் பெருநிறுவனங்களுக்கே கைகூடும். அச்சு முறை தேறினால் வாயிற்படி தாழும். பெருங்குடித் தொழிற்பேட்டைச் சிறுதொழில் முனைவோரும் உள்ளே வர வழி பிறக்கும். ஆனால், 100 தகடுகளில் 30 கழிவானால், மை எவ்வளவு மலிவாயினும் மின்சாரம் மலிவாகாது.

பல்கலைக்கழக ஆய்வு பெரும்பாலும் கட்டுரையோடு நின்றுவிடுகிறது. தனியார் முதலீடு லாபம் தெரிந்த பின்னரே வருகிறது. இடைப்பட்ட வெளியில், நகத்தளவை முழத்தளவாக்கும் மாதிரி அச்சுக்கூடங்களுக்கு அரசுப் பணம் தேவை. கூரை மீது தகடு பொருத்த மானியம் தரும் மத்திய, மாநில அரசுகள் இதற்கும் ஒரு பங்கை ஒதுக்கலாம். குளிர்நாட்டு ஆய்வகத்தில் வகுத்த பக்குவத்தை, கொடியில் துணி காயாத நம் நவம்பர் மாதத்தில் சோதித்துப் பார்க்கவும் அத்தகைய இடம் இங்கேயே இருக்க வேண்டும்.