பீலித் தண்ணியும் ஊற்றுக் கண்ணும்

"பீலித் தண்ணிக்கு என்ன குறை? கண்ணாடி மாதிரி இருக்கு. எங்க தாத்தா காலத்திலயிருந்து இதைத்தானே குடிக்கிறோம்." லயத்துக்கு லயம் நாம் கேட்கும் பேச்சு இது.

பெரியவர்கள் சொல்வதில் பாதி உண்மை. மலைக்குள் மண்ணிலும் கல் இடுக்கிலும் வடிந்து வரும் ஊற்றுத் தண்ணீர், வெளியே வரும் அந்தக் கண்ணில் பெரும்பாலும் சுத்தமாகவே இருக்கும். கெடுவது அதற்குப் பிறகுதான். திறந்த குழியில் இலை விழுகிறது, நாய் வாய் வைக்கிறது, மாடு மிதிக்கிறது. நாமும் தரையில் வைத்த வாளியை அப்படியே முக்குகிறோம். நெருப்புக் காய்ச்சல், வயிற்றோட்டம், மஞ்சள் காமாலை இவற்றின் கிருமிகள் கண்ணுக்குத் தெரியாதவை. கண்ணாடி மாதிரித் தண்ணியிலும் அவை இருக்கும்.

ஆகவே ஊற்றுக் கண்ணிலேயே தண்ணீரைப் பிடித்து, மூடியபடியே பீலி வரை கொண்டுவர வேண்டும்.

முதலில் அளந்து பாருங்கள். 10 லீற்றர் வாளி ஒன்றும் ஒரு மணிக்கூடும் போதும். மழைக் காலத்தில் எல்லா ஊற்றும் நன்றாகத்தான் ஓடும். மேற்கு மலைப் பக்கம் பெப்ரவரி, மார்ச் வெயிலில் அளப்பதே சரியான கணக்கு. வாளி நிறைய 3 நிமிடம் எடுத்தால் மணிக்கு 200 லீற்றர். ராத்திரி 8 மணி நேரம் தாங்கியில் சேர்த்தால் 1,600 லீற்றர். 12 வீட்டு லயத்தில் 60 பேர் என்றால் குடிக்க, சமைக்க, கைகால் கழுவ ஆளுக்கு 20 லீற்றர் வீதம் 1,200 லீற்றர் வேண்டும். சின்ன ஊற்றுதான், ஆனாலும் தாங்கி இருந்தால் போதும். தாங்கி இல்லாவிட்டால் அந்த ராத்திரித் தண்ணி கானில் ஓடிவிடும். காலையில் கொழுந்துக்குப் போகிற நேரத்தில் பெண்கள் வரிசையில் நிற்பார்கள்.

வேலை தொடங்குமுன் தோட்ட நிர்வாகத்திடம் அனுமதி கேளுங்கள். பிறகு தண்ணி வரும் வழியே மண்ணைத் தோண்டி, கெட்டித் தரையிலிருந்தோ பாறையிலிருந்தோ அது புறப்படும் இடம் வரை போக வேண்டும். பல சிறு கண்கள் அங்கே ஒன்றாகிவிடும். கழுவிய கற்களைக் கண்ணுக்கு எதிரே அடுக்கி, மூன்று பக்கம் சுவர் கட்டி, மலைப் பக்கத்தைத் திறந்து விடுங்கள். கற்களின் மேல் களிமண்ணை மிதித்து இறுக்கி, பெட்டிக்குக் கொங்கிரீட் மூடி போட வேண்டும். தண்ணி எடுக்க ஒரு குழாய், மிகுதி வழிய ஒன்று, அடியில் கழுவி விட ஒன்று. வழியும் குழாயின் வாய்க்கு வலை கட்டாவிட்டால் தவளை குடியேறும்.

ஒன்றை மறக்க வேண்டாம். பெட்டிக்குள் தண்ணி ஊற்றுக் கண்ணுக்கு மேலே ஏறி நிற்கக்கூடாது. இதை நாம் பட்டுத்தான் தெரிந்துகொண்டோம். ஒரு தோட்டத்தில் நிறையத் தண்ணி சேரட்டும் என்று குழாயை உயரமாக வைத்துக் கட்டினோம். தண்ணியின் பாரம் கண்ணை அழுத்த, கொஞ்ச நாளில் ஊற்று பத்தடி தள்ளி வேறு வழியில் கிளம்பிவிட்டது. பெட்டி காய்ந்து கிடந்தது. சனங்கள் கைக்காசு போட்டு வாங்கிய சீமெந்து அது. சேமிப்பது கீழே உள்ள தாங்கியின் வேலை. பெட்டியின் வேலை பிடிப்பது மட்டும்தான்.

பெட்டிக்கு மேலே சுமார் 8 மீற்றர் தள்ளி, மழைத் தண்ணியைத் திருப்பிவிட ஒரு கான் வெட்ட வேண்டும். கான் வெட்ட எங்கள் ஆட்களுக்கு யாரும் படித்துக் கொடுக்கத் தேவையில்லை. சுற்றி வேலி அடையுங்கள். கக்கூஸ் ஊற்றுக்கு மேற்புறம் இருக்கவே கூடாது. மற்றப் பக்கங்களிலும் 30 மீற்றராவது தள்ளி இருக்க வேண்டும். மேலே உள்ள மலையில் மருந்தடிக்கும்போதும் உரம் போடும்போதும் ஊற்றுப் பக்கத்தை விட்டுவிடும்படி கணக்கப்பிள்ளையிடம் முன்கூட்டியே சொல்லி வையுங்கள். காய்ச்சினால் கிருமி சாகும், மருந்தும் உரமும் போகாது.

பெட்டி கட்டினாலும் குடிக்கும் தண்ணீரைக் கொதிக்க வைத்தே குடியுங்கள். குமிழி பொங்கி ஒரு நிமிடம் கொதித்தால் போதும், விறகை வீணாக்க வேண்டாம். ஆறிய தண்ணீரை மூடிய பாத்திரத்தில் வைத்து, கை படாமல் ஊற்றிக் கொடுங்கள்.

மழைக்குப் பின் பீலித் தண்ணி கலங்கினால் கான் அடைபட்டிருக்கலாம், போய்ப் பாருங்கள். ஆனால் ஓடிய ஊற்று திடீரென நின்றாலோ, சேறாக வந்தாலோ, இல்லாத இடத்தில் புதிதாக ஊற்றுக் கிளம்பினாலோ, அது மண்சரிவின் அறிகுறியாக இருக்கலாம். தரையிலும் சுவரிலும் புதிய வெடிப்பு தெரிந்தால் சந்தேகமே வேண்டாம். 2014 ஒக்டோபர் 29 ஆம் திகதி காலை கொஸ்லந்தை மீரியபெத்தையில் லயங்களை மண் மூடியதை நாம் மறக்கவில்லை. விடியற்காலையில் முதல் குடம் பிடிக்கும் பெண்தான் இந்த மாற்றத்தை முதலில் காண்பார். குடத்தை அங்கேயே வைத்துவிட்டு லயத்தாரை எழுப்பி, பிள்ளைகளோடு எல்லாரும் வெளியேறி, கிராம சேவகருக்கும் தோட்டத்துக்கும் உடனே அறிவிக்க வேண்டும்.