ரிச்சர்ட்ஸ் டவுனும் டேனரி ரோடும்: வருமான இடைவெளியில் அரசின் கை எங்கே இருக்கிறது?

பெங்களூரு ‘நம்ம மெட்ரோ’வின் இளஞ்சிவப்புத் தடம் காளேன அக்ரஹாராவையும் நாகவாராவையும் இணைப்பதற்காகத் திட்டமிடப்பட்டது. அதன் சுரங்கப் பகுதியில் கன்டோன்மென்ட், பாட்டரி டவுன், டேனரி ரோடு என்று அடுத்தடுத்து நிலையங்கள். மூன்றுமே வசதி படைத்தோர் குடியிருக்கும் ரிச்சர்ட்ஸ் டவுனுக்குப் பக்கம். மெட்ரோ வரும் இடத்தில் நிலத்தின் விலை ஏறும். ரிச்சர்ட்ஸ் டவுனில் சொந்த மனை வைத்திருப்பவருக்கு அந்த ஏற்றம் சொத்தாகிறது. டேனரி ரோட்டை ஒட்டிய சந்தில் ஓர் அறையில் குடியிருப்பவருக்கு அதே ஏற்றம் கூடுதல் வாடகையாகிறது. செலவழிப்பது அரசு, பணம் மக்களுடைய வரிப்பணம். ஆனால் பலன் யாருக்குப் போய்ச் சேரும் என்பதை ஏற்கெனவே யார் கையில் என்ன இருந்தது என்பதே முடிவுசெய்கிறது.

வருமான ஏற்றத்தாழ்வு பற்றிய விவாதங்களில் வழக்கமாக இரண்டு தரப்புகள் மோதுகின்றன. திறமைக்கும் உழைப்புக்கும் ஏற்பச் சந்தை கூலி தருகிறது, அதில் அரசு கை வைத்தால் வளர்ச்சி கெடும் என்கிறது ஒன்று. சந்தையை அதன் போக்கில் விட்டால் இருப்பவரிடமே எல்லாம் சேரும், அரசு தலையிட்டே ஆக வேண்டும் என்கிறது மற்றொன்று. அரசு இதுவரை வெளியே நின்றது, இனிமேல்தான் உள்ளே வரவேண்டுமா வேண்டாமா என்று முடிவுசெய்ய வேண்டும் என்பது போல இரு தரப்பும் பேசுகின்றன. ரிச்சர்ட்ஸ் டவுன் வட்டாரத்தின் நூற்றாண்டு வரலாற்றைப் பார்த்தால், அரசு ஒருநாளும் வெளியே நின்றதில்லை.

எண்கள் ஏன் முரண்படுகின்றன?

உலக வங்கி 2025-இல் வெளியிட்ட இந்தியா பற்றிய குறிப்பின்படி, நுகர்வுச் செலவை வைத்துக் கணக்கிட்ட கினி குறியீடு 2011-12-இல் 28.8 ஆக இருந்து 2022-23-இல் 25.5 ஆகக் குறைந்தது. இந்தக் குறியீடு சுழியத்தை நெருங்கினால் சமத்துவம் அதிகம் என்று பொருள். இதை வைத்தே உலகின் மிகச் சமத்துவமான நாடுகளில் ஒன்றாக இந்தியா இருப்பதாக ஒன்றிய அரசு அறிவித்தது.

அதற்கு முந்தைய ஆண்டு, 2024 மார்ச்சில், தாமஸ் பிக்கெட்டி, லூகாஸ் சான்செல், நிதின் குமார் பாரதி, அன்மோல் சோமஞ்சி ஆகியோர் வெளியிட்ட ஆய்வு வேறு படத்தைக் காட்டியது. 2022-23-இல் நாட்டின் மொத்த வருமானத்தில் 22.6 விழுக்காடு உச்சியில் இருக்கும் ஒரு விழுக்காட்டினருக்குச் சென்றது. கீழ்ப்பாதி மக்கள் அனைவருக்கும் சேர்த்துக் கிடைத்தது 15 விழுக்காடு. சொத்தில் அந்த உச்சி ஒரு விழுக்காட்டினரின் பங்கு 40.1 விழுக்காடு.

இரண்டும் ஒரே நாட்டைப் பற்றியவைதான், அளந்த பொருள்தான் வேறு. முதல் கணக்கு குடும்பங்கள் செலவழிப்பதை அளக்கிறது. மாதம் 15,000 ரூபாய் வாங்குபவர் அநேகமாக முழுவதையும் செலவழித்துவிடுவார். மாதம் 15 லட்சம் வருபவர் அதில் ஒரு பகுதியைத்தான் செலவழிப்பார், மீதி நிலமாகவும் பங்காகவும் மாறும். செலவை மட்டும் அளந்தால் அந்த மீதி கணக்கில் வராது. போதாததற்கு, வீடு வீடாகப் போகும் கணக்கெடுப்பில் பெரும் பணக்காரர்கள் சரியாக அகப்படுவதில்லை. தரவின் குறைகளால் நுகர்வு ஏற்றத்தாழ்வு குறைவாகத் தெரியக்கூடும் என்று உலக வங்கியின் குறிப்பே சொல்கிறது. வருமானத்தை வைத்துப் பார்த்தால் கினி 2004-இல் 52 ஆக இருந்து 2023-இல் 62 ஆக ஏறியதையும் அதே குறிப்பு பதிவுசெய்கிறது.

இன்னொரு உண்மையையும் சேர்த்தே சொல்ல வேண்டும். ஒரு நாளைக்கு 2.15 டாலர் என்ற அப்போதைய கோட்டின்படி, கடும் வறுமையில் இருந்தோர் 2011-12-க்கும் 2022-23-க்கும் இடைப்பட்ட பதினோரு ஆண்டுகளில் 16.2 விழுக்காட்டிலிருந்து 2.3 ஆகக் குறைந்தனர். அடித்தட்டு உயர்ந்திருக்கிறது, வருமான இடைவெளியும் கூடியிருக்கிறது. இவ்விரண்டில் ஒன்றைச் சொல்லி மற்றதை மறைப்பவர் பாதிக் கணக்கைத்தான் காட்டுகிறார்.

மனையில் தொடங்கிய பிரிவினை

1809-இல் பிரிட்டிஷ் படை பெங்களூரில் நிலைகொண்டபோது, அதன் பின்னால் சென்னை மாகாணத்தின் தமிழர்களும் வந்தார்கள். சிப்பாய்கள், சமையற்காரர்கள், வண்டிக்காரர்கள், கொத்தனார்கள், குயவர்கள். தமிழர்கள் ‘தண்டு’ என்று சொல்லும் கன்டோன்மென்ட் இப்படித்தான் வளர்ந்தது. 1898-இல் பிளேக் நோய் ஊரை வாட்டியதும், நெரிசலைக் குறைக்கப் புதிய குடியிருப்புகளை நிர்வாகம் வகுத்தது. பிரேசர் டவுன் அப்படி எழுந்தது, தொடர்ந்து ரிச்சர்ட்ஸ் டவுன். அந்தப் பெயருக்குரிய எஃப்.ஜே.ரிச்சர்ட்ஸ் தண்டின் கலெக்டராக இருந்த ஐ.சி.எஸ். அதிகாரி.

அகலத் தெரு, தோட்டம் சூழ்ந்த வீடு, நடுவில் பூங்கா என்று திட்டமிட்டது அரசு. மனை வாங்க வசதி படைத்தவர்கள் அங்கே குடியேறினார்கள். அவர்களுடைய வீடுகளில் வேலை செய்தவர்களும், பானை வனைந்தவர்களும், தோல் பதனிட்டவர்களும் விளிம்பில் தங்கினார்கள். அவர்களுக்கு மனை பிரித்துப் பட்டா கொடுப்பதில் அந்த அக்கறை காட்டப்படவில்லை.

நூறாண்டு கழித்து அந்த வேறுபாடு பல மடங்காகிவிட்டது. எடுத்துக்காட்டாக ஒரு கணக்குப் போடுவோம். 5 கோடி ரூபாய் மதிப்புள்ள ஒரு வீடு ஆண்டுக்கு 6 விழுக்காடு மதிப்பு கூடினால், உரிமையாளர் தூங்கி எழுந்தாலே ஆண்டுக்கு 30 லட்சம் ரூபாய் சேர்கிறது. மாதம் 15,000 ரூபாய் வாங்கும் தொழிலாளி அந்த ஓராண்டு ஏற்றத்தைச் சம்பாதிக்கப் பதினாறு ஆண்டுகளுக்கு மேல் உழைக்க வேண்டும். பாட்டரி டவுனின் தமிழ்க் குயவர் குடும்பங்கள் மூன்று நான்கு தலைமுறைகளாக அகல் விளக்கும் பிள்ளையார் சிலையும் செய்து இந்த நகரத்துக்குக் கொடுத்தவர்கள். சக்கரத்தில் அவர்கள் கைத்திறன் குறையவில்லை. களிமண் எடுத்த ஏரிகள்தான் மறைந்தன, சூளைக்கான இடம்தான் சுருங்கியது. இந்த இடைவெளியைத் திறமை வேறுபாடு என்று சொல்ல முடியாது.

வேலையைக் கொடுத்ததும் பறித்ததும்

சென்ற நூற்றாண்டின் நடுப்பகுதியில் இதே வட்டாரத்தில் இடைவெளியைக் குறைத்ததும் அரசுதான். 1940-இல் தொடங்கிய எச்.ஏ.எல்., 1948-இன் ஐ.டி.ஐ., 1953-இன் எச்.எம்.டி., 1954-இன் பி.இ.எல். ஆகிய பொதுத்துறை ஆலைகள் ஆயிரக்கணக்கான தமிழ்க் குடும்பங்களுக்கு நிரந்தர வேலை, பி.எஃப்., மருத்துவ வசதி, கேண்டீன் சாப்பாடு எல்லாம் தந்தன. தண்டுத் தமிழர்களில் இரண்டாம் தலைமுறை பட்டதாரிகள் பலர் இந்த ஆலைச் சம்பளத்தில் படித்தவர்கள். நாடு முழுவதும் உச்சி ஒரு விழுக்காட்டினரின் வருமானப் பங்கு மிகத் தாழ்ந்து, 1982-இல் 6 விழுக்காட்டை ஒட்டி நின்றதும் அந்தக் காலத்தில்தான்.

தகவல் தொழில்நுட்பத்தின் எழுச்சியிலும் அரசின் பங்கு பெரிது. பொதுத்துறையும் அரசுக் கல்லூரிகளும் உருவாக்கிய பொறியாளர்களே அதன் அடித்தளம். மென்பொருள் பூங்காக்களை அமைத்தது அரசு. ஏற்றுமதி லாபத்துக்கு 10ஏ, 10பி பிரிவுகளின் கீழ் 2011 மார்ச் வரை வருமான வரி விலக்கு தந்ததும் அரசே. அதனால் நகரம் செழித்தது, லட்சக்கணக்கானோர் நடுத்தர வர்க்கத்துக்கு ஏறினார்கள். அது நல்ல முதலீடு. ஆனால் அந்தத் துறைக்குக் கிடைத்த அக்கறை வேறு தொழிலாளர்களுக்குக் கிடைக்கவில்லை. 2001 பிப்ரவரி 28-இல் கோலார் தங்கவயல் சுரங்கம் மூடப்பட்டது. பல தலைமுறைகளாகச் சுரங்கத்தில் இறங்கிய தமிழர்களின் பிள்ளைகள், விடியுமுன் மாரிக்குப்பத்தில் ரயிலேறிப் பெங்களூருக்குக் கூலி வேலைக்கு வந்து, இரவில் திரும்புகிறார்கள்.

அரசு வேலை தரும் முதலாளியாகவும் இருக்கிறது என்பதைத் தூய்மைப் பணியாளர்களின் கதை போல வேறெதுவும் காட்டாது. ரிச்சர்ட்ஸ் டவுன் தெருக்களைக் காலை ஆறரைக்கெல்லாம் பெருக்கத் தொடங்கும் பௌரகார்மிகர்களில் பெரும்பாலோர் பெண்கள், பெரும்பாலோர் தலித்துகள். 1990-களிலிருந்து மாநகராட்சி இந்த வேலையை ஒப்பந்ததாரர்களிடம் விட்டது. சம்பளம் தாமதமானது, பிடித்தம் செய்த பி.எஃப். கணக்கில் ஏறவில்லை என்ற புகார்கள் ஆண்டுக்கணக்கில் எழுந்தன. சங்கம் வைத்துப் போராடிய பிறகு 2018-இல் மாநகராட்சியே நேரடியாகச் சம்பளம் தரத் தொடங்கியது. 2025 மே தினத்தன்று 12,000-க்கும் மேற்பட்டோருக்கு நிரந்தரப் பணி ஆணை வழங்கப்பட்டது. மாதச் சம்பளம் ஏறத்தாழ 39,000 ரூபாய் என்று அரசு அறிவித்தது. தெரு அதே தெரு, துடைப்பமும் அதே துடைப்பம். வருமானம் இரண்டு மடங்குக்கு மேல் கூடியது அரசு எடுத்த ஒரு முடிவால். முன்பு அது குறைவாக இருந்ததற்கும் அரசின் முடிவே காரணம்.

சட்டம் இருந்தும் கண்காணிப்பு இல்லாவிட்டால் பயனில்லை என்பதற்கு வீட்டுவேலைப் பெண்கள் சாட்சி. அவர்களுக்குக் குறைந்தபட்சக் கூலியைக் கர்நாடகம் 2004-இலேயே அறிவித்தது. ஆனால் ஒவ்வொரு வீடாகப் போய் அதைச் சரிபார்க்கும் ஏற்பாடு உருவாகவில்லை. கூலி இன்னும் அந்தந்த வீட்டுக்காரரின் மனதைப் பொறுத்தே அமைகிறது.

பள்ளிக்கூட வாசலில்

அடுத்த தலைமுறையின் வருமானம் பள்ளியில் தீர்மானமாகிறது. கல்வி உரிமைச் சட்டம் தனியார் பள்ளிகளின் நுழைவு வகுப்பில் 25 விழுக்காடு இடங்களை ஏழைப் பிள்ளைகளுக்கு ஒதுக்கச் சொல்கிறது. சிறுபான்மையினர் நடத்தும் பள்ளிகளுக்கு அது பொருந்தாது என்று 2014-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. பெயர்பெற்ற மிஷனரிப் பள்ளிகள் நிறைந்த தண்டுப் பகுதியில் அந்த வாசல் அப்போதே குறுகிவிட்டது. பிறகு கர்நாடக அரசு விதியைத் திருத்தி, பக்கத்தில் அரசுப் பள்ளியோ உதவிபெறும் பள்ளியோ இருந்தால் தனியார் பள்ளியில் இந்த ஒதுக்கீடு கிடையாது என்றது. 2019-20 முதல் இடங்கள் சரிந்தன. அரசுப் பள்ளிகளைக் காப்பாற்றவே இந்தத் திருத்தம் என்பது அரசின் வாதம். அந்த வாதம் நியாயமாக வேண்டுமானால் டேனரி ரோட்டு அரசுப் பள்ளியின் தரம் ரிச்சர்ட்ஸ் டவுன் தனியார் பள்ளிக்கு ஈடாக வேண்டும். அதுவரை இழப்பு பிள்ளைகளுக்குத்தான்.

வரியும் எதிர்வாதமும்

பணக்காரர்களிடம் கூடுதல் வரி வாங்கினால் போதும் என்பது எளிதான பதில். இந்தியா அதை முயன்று பார்த்திருக்கிறது. 1970-களின் தொடக்கத்தில் உச்ச வருமான வரி 97.75 விழுக்காடு. கறுப்புப் பணம்தான் பெருகியது. 1953-இல் வந்த வாரிசுச் சொத்து வரி 1985-இல் நீக்கப்பட்டது. 1957-இல் வந்த செல்வ வரி 2015 பட்ஜெட்டில் கைவிடப்பட்டபோது அதன் ஆண்டு வசூல் ஏறக்குறைய ஆயிரம் கோடி ரூபாய்தான். அளவுமீறிய வரி தன்னைத் தானே தோற்கடிக்கும் என்று வளர்ச்சித் தரப்பு சொல்வதை ஒதுக்கிவிட முடியாது.

ஆனால் அந்த வரிகள் தோற்றது விலக்குகளாலும் குறைத்துக் காட்டிய மதிப்பீட்டாலும் கூடத்தான். அந்த வரிகளை நீக்கிய பிறகு பாரம் எங்கே இறங்கியது என்பதையும் பார்க்க வேண்டும். 2019-இல் நிறுவன வரி 30-இலிருந்து 22 விழுக்காடாகக் குறைந்தது. சோப்புக்கும் பிஸ்கட்டுக்குமான ஜி.எஸ்.டி.யோ பங்களாக்காரருக்கும் பெருக்குபவருக்கும் ஒன்றே. சம்பாதிப்பதை முழுவதும் செலவழிப்பவருக்கே மறைமுக வரி அதிகம் வலிக்கும்.

கர்நாடகத்தின் ஐந்து உத்தரவாதத் திட்டங்கள் இந்த வலியைக் கொஞ்சம் ஆற்றுகின்றன. அவற்றில் மூன்று: குடும்பத் தலைவிக்கு மாதம் 2,000 ரூபாய், அரசுப் பேருந்தில் பெண்களுக்கு இலவசப் பயணம், 200 யூனிட் வரை இலவச மின்சாரம். வீட்டுவேலைக்குப் போகும் ஒரு பெண்ணுக்குப் பேருந்துப் பாஸுக்கான செலவில் மட்டுமே மாதம் ஆயிரம் ரூபாய்க்கு மேல் மிச்சம். ஆண்டுக்கு 50,000 கோடிக்கு மேல் செலவாகிறதே, சாலைக்கும் பாசனத்துக்கும் பணம் எங்கே என்று கேட்பவர்களின் கவலை உண்மையானது. ஆனால் அந்தக் கவலையை எழுப்புபவர்கள், மென்பொருள் லாபத்துக்குப் பல ஆண்டுகள் கொடுத்த வரிவிலக்கையும் அதே தராசில் வைத்துப் பேச வேண்டும். வசதியுள்ளவருக்குப் போனால் ஊக்கத்தொகை, இல்லாதவருக்குப் போனால் இலவசம் என்று பார்ப்பது நேர்மையான கணக்காகாது.

அரசிடம் என்ன கேட்கலாம்?

மாதம் 2,000 ரூபாய் பசியைத் தணிக்கும். நூறாண்டு இடைவெளியை அது மூடாது. அதற்கு நான்கு காரியங்கள் வேண்டும். மெட்ரோ போன்ற அரசுச் செலவால் ஏறும் நிலமதிப்பில் ஒரு பங்கைச் சொத்து வரி வழியே திரும்பப் பெற்று, அதே தடத்தில் வாடகைக்கு இருப்போருக்கு வீடு கட்டித் தரவேண்டும். நிரந்தரத் தேவையுள்ள பொதுப்பணிகளில் ஒப்பந்த முறை கூடாது. குறைந்தபட்சக் கூலிச் சட்டங்களைக் கண்காணிக்கப் போதிய ஆட்களை நியமிக்க வேண்டும். அரசுப் பள்ளியில் தன் பிள்ளையைச் சேர்க்க ரிச்சர்ட்ஸ் டவுன் குடும்பமும் தயங்காத அளவுக்கு அதை உயர்த்த வேண்டும்.

2025 செப்டம்பரில் பெங்களூரு மாநகராட்சி ஐந்தாகப் பிரிக்கப்பட்டது. வசதியான பகுதிகளின் சொத்து வரி எந்த எல்லைக்குள் தங்கும், வசூல் குறைந்த பகுதிகளின் சாக்கடைக்கும் பள்ளிக்கும் பணம் எங்கிருந்து வரும் என்ற கேள்விகள் இப்போது இன்னும் கூர்மையாகின்றன. ஓட்டுக் கேட்டு வரும் ஒவ்வொரு வேட்பாளரிடமும் இதைக் கேட்கலாம்: உங்கள் பட்ஜெட்டில் யாரிடமிருந்து எவ்வளவு வருகிறது, எந்தத் தெருவுக்கு எவ்வளவு போகிறது? ஏற்றத்தாழ்வை முடிவுகள் உண்டாக்கின என்றால், வேறு முடிவுகளால் அதைக் குறைக்கவும் முடியும். பௌரகார்மிகப் பெண்கள் போராடி அதை நடத்திக் காட்டிவிட்டார்கள்.